வண்டில் மாட்டுக்குப் புள்ளி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு ஞாயிறுக்கு முன் உங்கள் பத்திரிகையில் மருத்துவ மாணவர்களின் மனநலக் கல்வி பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறு ஆகியவற்றோடு மனநல மருத்துவமும் இறுதி வருடப் பரீட்சையில் தனிப் பாடமாகிவிட்டது, ஆகவே இனி வெளியே வருகிற வைத்தியர் எவரும் மனவருத்தத்தை இனங்காணாமல் விடமாட்டார் என்று எழுதியவர் முடித்திருந்தார். முன்பாதி சரி. பின்பாதி பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் வைத்தியன் இல்லை. நாடகமும் அரங்கியலும் படிப்பித்து ஓய்வுபெற்றவன். அதற்கு முன்னும் பின்னும் கூத்தாடி. வடமோடிக் கூத்தில் அரசனாகவும் மந்திரியாகவும் வட்டக்களரியில் நின்றேன்; முழங்கால் போனபிறகு சல்லாரித் தாளம் தட்டுகிறேன். இப்படிப்பட்டவனுக்கு இந்தப் பரீட்சையோடு என்ன சோலி என்று நினைப்பீர்கள். நான்கு வருடமாக அந்தப் பரீட்சையில் நான்தான் வருத்தக்காரன்.

மருத்துவ பீடம் ஒன்றில் செயல்முறைப் பரீட்சைக்கு நோயாளியாக நடிக்க ஆள் தேடினார்கள். என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் அங்கே வேலை செய்கிறார். அவர் என் பெயரைக் கொடுத்துவிட்டார். எந்தப் பீடம், எந்த வருடம் என்று எழுதமாட்டேன். அங்குள்ளவர்கள் நல்ல மனிதர்கள். நான் சொல்லப்போகும் குறை அவர்கள் கண்டுபிடித்ததும் இல்லை, அவர்களோடு முடிந்துபோவதும் இல்லை.

பரீட்சைக்குப் பெயர் ஓஸ்கி. ஒரு மண்டபத்தைத் தட்டி வைத்து அறை அறையாக மறித்திருப்பார்கள். மணி அடித்ததும் ஒவ்வொரு அறைக்கும் ஒரு மாணவர் நுழைவார். பத்து நிமிடம். மறுபடி மணி. எழும்பி அடுத்த அறைக்குப் போகவேண்டும். என் அறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு பெட்டி டிசு. மூலையில் பரீட்சகர் புள்ளித்தாளோடு இருப்பார். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஒரே கவலையை ஒரே அளவில் பதினாலு பதினைந்து தரம் கவலைப்பட வேண்டும். கூத்தில் ஒரு இரவுக்கு ஒரு தரம் செத்தால் போதும்.

இந்த முறையை ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவரோடு இருந்தவர்களும் 1975 இல் எழுதி வெளியிட்டார்கள். அதற்கும் முன்பே, 1960களில், அமெரிக்காவில் ஹவார்ட் பரோஸ் என்ற நரம்பியல் வைத்தியர் சுகமாக இருந்த ஒரு பெண்ணுக்கு நோயின் குறிகளைப் பழக்கி மாணவர்களுக்கு முன்னால் இருத்தினாராம். எங்கள் தொழிலுக்கு அங்கேயும் கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியார் இருந்திருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை. நோக்கமும் நியாயமானது. முன்பெல்லாம் ஒரு மாணவருக்கு ஒரு நோயாளி. ஒருவருக்கு வாயாடி கிடைப்பார், இன்னொருவருக்கு வாயே திறக்காதவர் கிடைப்பார். புள்ளி அவரவர் அதிர்ஷ்டம். ஓஸ்கியில் எல்லோருக்கும் ஒரே வருத்தக்காரன், ஒரே நேரம், ஒரே புள்ளித்தாள்.

முதல் வருடம் எனக்கு ஒரு பக்கக் கொப்பி தந்தார்கள். கூத்தில் சட்டம், அதாவது அவரவர் வசன ஏடு, கொடுப்பது மாதிரித்தான். நான் 58 வயது விவசாயி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், மனச்சோர்வு நோய். கொப்பியில் என் முதல் வசனம் இப்படி இருந்தது: “நான் கடந்த இரண்டு வாரங்களாக மிகுந்த மனச்சோர்வுடனும் ஆர்வமின்மையுடனும் காணப்படுகிறேன்.”

படித்துவிட்டு அங்கிருந்த இளம் வைத்தியரிடம், “தம்பி, மண்டூர்ப் பக்கம் எந்த வெள்ளாமைக்காரன் தன்னைப் பற்றிக் ‘காணப்படுகிறேன்’ எண்டு சொல்லுவான்?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “ஆங்கிலத்தில இருந்து மொழிபெயர்த்தது சேர். நீங்க எப்படிச் சொல்லுவீங்க, சொல்லுங்க” என்றார். அந்தத் தம்பிக்கு நான் நன்றி சொல்லவேண்டும். ஒரு பின்னேரம் முழுக்க இருவருமாக இருந்து கொப்பியை மாற்றினோம். “ஒண்டுலயும் மனம் பத்துதில்ல.” “சோத்தக் கண்டா வெறுப்பா இரிக்கி.” “விடியச்சாமம் மூணு மணிக்கு முழிப்பு வந்திரும், மறுகா கண் மூட ஒண்ணா.” “நெஞ்சுக்குள்ள பாறாங்கல்லு கிடக்கிற மாதிரி.” நேரம் வருமுன் முழிப்பது இந்த நோயின் முக்கியமான குறியாம், அந்த வசனத்தை அவர் கோடிட்டு வைத்துக்கொண்டார்.

வருத்தக்காரன் பக்கம் தமிழ் திருந்தியது. கேட்கிறவர் பக்கம் திருந்தவில்லை. “உங்கள் மனநிலை எவ்வாறு உள்ளது?” “உங்களுக்குத் தற்கொலை எண்ணங்கள் உண்டா?” “உங்களுக்குக் குரல்கள் கேட்கின்றனவா?” கடைசிக் கேள்விக்கு ஒரு தரம் வேண்டுமென்றே, “கேக்கும்தானே, இப்ப நீங்க கதைக்கிறது கேக்குது” என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பையன் ‘ஆம்’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனான். பரீட்சகர் என்னை முறைத்தார். அது கொப்பியில் இல்லாத வசனம். “பக்கத்துல ஆக்கள் இல்லாத நேரமும் ஆரும் கதைக்கிற மாதிரி காதுல விழுமா ஐயா?” என்று கேட்டிருந்தால் எங்கள் ஊரில் எவருக்கும் விளங்கும். அந்தப் பையன் களுவாஞ்சிகுடிக்குக் கிட்டப் பிறந்தவனாம். வீட்டில் அவன் அப்படித்தான் கதைப்பான். பரீட்சை அறைக்குள் வந்ததும் செய்தி வாசிக்கத் தொடங்கிவிடுகிறான்.

நெஞ்சுக்குள்ள பாறாங்கல் என்றதும் இன்னொருவர் கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பில் கை வைத்தார். பிறகு இது மனநலப் பரீட்சை என்று நினைவு வந்ததோ என்னவோ, கையை எடுத்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. குறைந்தபட்சம் அவருக்கு நான் சொன்னது காதில் விழுந்திருக்கிறது.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாமல் மிச்சக் கதை விளங்காது.

அண்ணனுக்கு மண்டூருக்கு அங்கால் ஒரு வட்டையில் வயல். குருமண்வெளியில் பாதை என்ற மிதவைப் படகில் ஏறி ஆற்றைக் கடந்து போவார். வெள்ளாமைக் காலத்தில் வாடியிலேயே தங்கிவிடுவார். 1996 மாரிப்போகம் வெட்டுக்கு வந்த நேரம் ஆள் மெலிந்துபோய் இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது வேண்டாம். நெஞ்சு பாரம் என்றார். ஈசிஜி எடுத்து, நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார்கள். நித்திரை இல்லை என்றார். சத்துக் குளிசை தந்தார்கள். உள்ளே அவரும் வைத்தியரும் கதைத்தது இரண்டு நிமிடம் இருக்கும். வைத்தியரைக் குறை சொல்லமாட்டேன். வெளியே நூறு பேர் இலக்கத் துண்டோடு நின்றார்கள்.

அதற்கு அடுத்த கிழமை அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “இந்தச் சோடிய நீ கொண்டு போய்க் கட்டு. எனக்கு இனி எதுக்கு?” என்றார். வண்டில் மாட்டுச் சோடி. பிள்ளை மாதிரி வளர்த்தவை. ஒன்றுக்குக் கொம்பு நுனியில் பித்தளைப் பூண் போட்டிருந்தார், மற்றதுக்குப் போட அந்த வருடம் காசு காணவில்லை. நான் “உனக்கென்ன விசரா?” என்று கேட்டுவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தேன்.

மாசிக் கடைசியில் அண்ணன் இல்லை. நஞ்சு.

அதற்கு முந்திய வருடம், 1995 இல், இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். அப்போது உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. உயிர் தப்பியவரைக் குற்றவாளியாகப் பார்த்த சட்டப்பிரிவை 1998 இல் நீக்கினார்கள். வயலுக்கு அடிக்கும் மருந்துகளில் மிகக் கொடியவற்றை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். பிந்திய இருபது வருடத்தில் அந்த வீதம் முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. இதில் பெரிய பங்கு அந்தத் தடைகளுக்குத்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நல்ல காரியம், எத்தனையோ குடும்பம் தப்பியது. ஆனால் கொடிய போத்தல் கடையில் இல்லாமல் போனதால் வந்த இறக்கம் இது. “ஏன் ஐயா மாட்டைக் குடுத்தீங்க?” என்று கேட்க எங்கள் வைத்தியர்கள் பழகிவிட்டார்கள் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏலாது.

மூன்றாம் வருடப் பரீட்சையில் நான் கொப்பிக்கு வெளியே போனேன். யோசித்துச் செய்ததில்லை. நித்திரை இல்லை என்ற வசனத்துக்குப் பின்னால், “வண்டில் மாட்டுச் சோடியத் தம்பிக்குக் குடுத்திட்டன்” என்று வாயில் வந்துவிட்டது. முதல் மாணவர் அதைக் கடந்து பசியைப் பற்றிக் கேட்டார். இடைவேளையில் பரீட்சகர், “சேர், ஒராளுக்குச் சொன்னா எல்லாருக்கும் சொல்லவேணும், இல்லாட்டி நியாயம் இல்ல” என்றார். நியாயமான பேச்சு. மிச்சம் இருந்த எல்லோருக்கும் அதே இடத்தில் அதே குரலில் சொன்னேன். பதினாலு பேரில் பன்னிரண்டு பேர் காதில் வாங்கவில்லை. ஒருவர், “அப்படியா, நல்லது” என்றார்.

பதினோராவதாக வந்தவள் ஒரு சிங்களப் பிள்ளை. இங்கே வந்துதான் தமிழ் பழகியிருக்கிறாள். வினைச்சொல் எல்லாம் வழுக்கும். நான் அந்த வசனத்தைச் சொன்னதும் நிறுத்தினாள்.

“மாடு... குடுத்தது? ஆருக்கு ஐயா?”

“தம்பிக்கு.”

“ஏன் குடுத்தது? ஐயா வயல் செய்றதுதானே?”

“எனக்கு இனி எதுக்கு.”

பேனையை மேசையில் வைத்துவிட்டாள். “இனி எண்டா? ஐயா, ‘இனி’ எண்டா என்ன?”

சொல்லின் அர்த்தம் தெரியாமல் கேட்டாளா, தெரிந்துதான் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு அடுத்த வசனம் வரவில்லை. களரியில் வசனம் மறந்து நின்றது என் வாழ்நாளில் ஒரு தரம், பதினாறு வயதில், இது இரண்டாவது. அவள் கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். பிறகு, “செத்தா நல்லம் எண்டு மனசுல வந்ததா ஐயா?” என்று கேட்டாள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், மருந்துப் போத்தல் எங்கே வைத்திருக்கிறீர்கள், இன்றைக்குத் தனியாகவா வீட்டுக்குப் போகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனாள். மணி அடித்துவிட்டது.

நித்திரையை அவள் முழுக்கக் கேட்கவில்லை. பசி, உடல் எடை, குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த வருத்தம் உண்டா, சாராயம், தைரொயிட் எல்லாம் விடுபட்டுப்போயின. என் கதிரையிலிருந்து பார்த்தால் பரீட்சகரின் தாள் தெரியும். இலக்கம் தெரியாது, வெறுமனே கிடக்கும் கட்டம் தெரியும். அவளுடைய தாளில் பாதிக்கு மேல் வெறும் கட்டம். “அப்படியா, நல்லது” என்றவரின் தாள் அடிமுடி வரைக்கும் சரி போட்டிருந்தது. வண்டில் மாட்டுக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தபோது பரீட்சகரிடம் இதைக் கேட்டேன். அவருக்கும் மனம் சரியில்லை. அவளுடையதுதான் அன்றைக்கு நடந்த நேர்காணல்களில் சிறந்தது என்று தானும் நினைப்பதாகச் சொன்னார். “ஆனா சேர், நான் என்ர மனசுக்குப் பட்டபடி புள்ளி போட்டா நாளைக்கு இன்னொரு பரீட்சகர் தன்ர மனசுக்குப் பட்டபடி போடுவார். அதுக்குத்தான் இந்தக் கட்டம்.” அதுவும் உண்மைதான். எங்கள் கல்வித் திணைக்களத்தில் நாடகப் போட்டிக்கு நடுவராக இருந்தவன் நான். ‘மனசுக்குப் பட்டபடி’ என்றால் என்னவெல்லாம் நடக்கும் என்று எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

என் தங்கையின் மகள் இப்போது வைத்தியர். இந்தக் கதையைச் சொன்னதும், “மாமா, இத ஒராள் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்” என்று ஒரு கட்டுரையை அனுப்பினாள். கனடாவில் பிரயன் ஹொட்ஜஸ் என்ற மனநல வைத்தியரும் மற்றவர்களும் 1999 இல் எழுதியது. மாணவர்களையும் பயிற்சி வைத்தியர்களையும் அனுபவமுள்ள வைத்தியர்களையும் ஒரே மனநல ஓஸ்கியில் இருத்திப் பார்த்திருக்கிறார்கள். கட்டத்தில் சரி போடும் தாளில் அனுபவசாலிகள் மற்ற இரு கூட்டத்தையும் விடக் குறைவாக எடுத்தார்களாம். முழு நேர்காணலையும் பார்த்து ஒரு மொத்த மதிப்பு இடும்போது அவர்கள்தான் மேலே. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தெரிந்த விசயம். இதற்காக இரண்டு விதப் புள்ளியையும் சேர்த்து இடுகிற இடங்கள் உண்டு. நோயாளியாக நடிப்பவரும் புள்ளி இடுகிற இடங்களும் உண்டு. என்னிடம் கேட்டிருந்தால் நானும் இட்டிருப்பேன்.

எழுத்துப் பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுக்கவேண்டாம். மருமகள் படித்த காலத்தில் எம்சிகியூ என்ற பல்தேர்வு வினாத்தாள்களை வீட்டு விறாந்தையில் பரப்பி வைத்திருப்பாள். கடும் மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபின் குளிசை தொடங்கினால் முதல் 18 கிழமையும் கிழமைக்கு ஒரு தரம் இரத்தத்தில் வெள்ளணுக்களை எண்ணவேண்டும். மனநிலை ஏறி இறங்கும் நோய்க்கு லிதியம் கொடுத்தால் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், கொஞ்சம் கூடினாலும் நஞ்சாகும். இதை மறந்த வைத்தியரிடம் என் வீட்டாரை அனுப்பமாட்டேன். இந்த மாதிரி விசயத்துக்கு ஐந்து விடையில் ஒன்றைத் தெரிவுசெய்யும் பரீட்சை போதும். ஆனால் அந்த வினாத்தாளில் “40 வயதுப் பெண், இரண்டு வாரமாக மனச்சோர்வு, அதிகாலை விழிப்பு” என்று நோய்க்குறிகள் கழுவித் துடைத்து அடுக்கி வந்துவிடுகின்றன. எங்கள் ஆட்கள் அப்படி அடுக்கிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு பாரம் என்று வருவார்கள், வயிறு எரிகிறது என்று வருவார்கள். செய்வினை என்று பூசாரியிடம் போய், ஜின் என்று ஓதிப் பார்த்து, கடைசியில்தான் கிளினிக் கதவைத் தட்டுவார்கள்.

மனைவியின் தமையனார் ஆற்றில் வலை போட்டுச் சீவித்தவர். ஞாபகம் குறைகிறது என்று அவரை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பயிற்சியில் இருந்த ஒரு பிள்ளை கேள்வி கேட்டது. 1975 இல் அமெரிக்காவில் செய்த, 30 புள்ளிக்கான ஞாபகப் பரிசோதனை அது. உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள்.

“இண்டைக்கு என்ன திகதி ஐயா?”

“அமாவாசை கழிஞ்சு மூணாம் நாள்.”

“திகதி சொல்லுங்க.”

“அதுதான் மனே சொன்னன்.”

“சரி, இது என்ன பருவகாலம்? வசந்தகாலமா, இலையுதிர்காலமா?”

மச்சான் என்னைக் கிறுகிப் பார்த்தார். பிறகு, “கச்சான் அடிக்குது” என்றார். சரியான ஆடிக் கச்சான், யன்னல் கதவு அடித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் பூச்சியம். மச்சானுக்கு ஞாபகம் குறைந்தது உண்மைதான், அது வேறு கேள்விகளில் தெரியவந்தது. ஆனால் நாள் எது, காலம் எது என்பதில் அன்று அந்த அறையில் இருந்தவர்களில் அவர்தான் மிகத் துல்லியம். மனநிலையைப் பரிசோதிக்கப் பழமொழிக்கும் அர்த்தம் கேட்பார்களாம். கண்ணாடி வீட்டில் இருந்து கல்லெறிவதைப் பற்றிக் கேட்டதற்கு, “எங்கட வீடு கிடுகு மகள்” என்று ஒரு கிழவி சொன்னதாக மருமகள் சொல்லிச் சிரித்தாள். கிழவிக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கேட்டிருந்தால் கிழவி மூன்று கதை சேர்த்துச் சொல்லியிருப்பாள்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நேரம் எங்கள் ஊர்களில் தெய்வம் ஆடிக் கட்டு, அதாவது குறி, சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண் கிளினிக்கில், “அம்மன் என்னோட கதைக்கும்” என்று சொன்னால் மாணவர் என்ன எழுதுவார்? ஊர் முழுக்க ஏற்றுக்கொள்ளும் நம்பிக்கையை நோயாக எடுக்கக்கூடாது என்று அவர்களின் பாடப்புத்தகமே சொல்கிறது. அதே பெண் சடங்கை நிறைவாக்கும் குளிர்த்தி முடிந்து இரண்டு மாதமான பிறகும் இரவில் நித்திரை இல்லாமல், அடுப்பு மூட்டாமல், பிள்ளையைக் குளிப்பாட்டாமல் அந்தக் குரலோடு கதைத்துக்கொண்டே இருந்தால் அது வேறு சங்கதி. சடங்கை நடத்தும் கட்டாடியாரே, “இது அம்மன் இல்ல புள்ள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ” என்று சொல்லி அனுப்பிய ஆட்களை எனக்குத் தெரியும். கட்டாடியாருக்குத் தெரிந்த இந்த வித்தியாசத்தை ஒரு ஓஸ்கி அறையில் வைத்துச் சோதிக்கலாம். பத்து நிமிடம் தாராளமாகக் காணும். நடிக்கப் பெண்கள் வேண்டுமென்றால் நான் கூட்டிக்கொண்டு வருவேன்.

சாவைப் பற்றிக் கேட்டால் அந்த நினைப்பை நாமே போட்டதாக ஆகிவிடுமோ என்று பயப்படும் மாணவர்களும் உண்டு. ஒருவர் கேள்வியைத் தொடங்கி, பாதியில் விட்டு, என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கேட்பதால் அந்த நினைப்பு வருவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மருமகள் இதைத் தன் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்கிறாளாம். பரீட்சைத் தாளில் ‘தற்கொலை பற்றிக் கேட்டார்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. எப்படிக் கேட்டார், வந்த பதிலைக் கொண்டு என்ன செய்தார் என்பதற்கு அதில் இடமில்லை. பாதியில் விட்டவருக்கும், செய்தி வாசிப்பவர் மாதிரி ஒப்புவித்தவருக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே சரிதான் விழும்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. கொப்பியை ஆங்கிலத்தில் எழுதிப் பிறகு மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, வாட்டில் வேலை செய்யும் தாதிமார், குணமாகி வீட்டில் இருப்பவர்கள், அவர்களைப் பார்த்துக்கொண்ட தாய்மார் ஆகியோரை இருத்தி அவர்கள் வாயிலிருந்து எழுதவேண்டும். காத்தான்குடிக்கு ஒரு பேச்சு, பாண்டிருப்புக்கு ஒரு பேச்சு, வெல்லாவெளிக்கு ஒரு பேச்சு இருக்கட்டும். புள்ளித்தாளில் ‘நோயாளி சொன்னதைப் பிடித்துக்கொண்டு போனாரா’ என்று ஒரு வரியைச் சேர்த்து, அதற்கு நித்திரைக்கும் பசிக்கும் உள்ளதைவிடக் கனமான புள்ளி வைக்கவேண்டும். உண்மையான நோயாளியோடு ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்து விவரம் சொல்லும் பழைய பரீட்சையையும் விட்டுவிடக் கூடாது. ஆனால் அந்த நேரம் பரீட்சகரும் உள்ளே இருக்கவேண்டும். மாணவர் வெளியே வந்து சொல்வதை மட்டும் கேட்டால் உள்ளே என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அண்ணனும் அந்த வைத்தியரும் கதைத்த இரண்டு நிமிடத்தையும் ஒருவரும் பார்க்கவில்லை.

இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் மனநல வைத்தியர்களாகப் போவதில்லை. கிராமத்து ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் பிரிவில் இருப்பார்கள், வெளியே நூறு பேர் துண்டோடு நிற்பார்கள். அண்ணன் மாதிரி ஆட்கள் முதலில் போய் நிற்பது அவர்கள் முன்னால்தான். இன்றைக்கு 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் மனநல உதவி கிடைக்கிறது, அது அண்ணன் காலத்தில் இல்லை. ஆனால் மாட்டை அவிழ்த்துக் கொடுக்கிற மனிதன் தொலைபேசி எடுக்கமாட்டான்.

போன கிழமை இந்த வருடத்துக்கான கொப்பி தபாலில் வந்தது. வண்டில் மாட்டு வசனத்தை அச்சிலேயே சேர்த்திருக்கிறார்கள், நான் சொன்ன அதே சொற்களில். புள்ளித்தாளை நடிக்கிறவர்களுக்கு அனுப்புவதில்லை. அதில் இதற்குக் கட்டம் போட்டிருக்கிறார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நாடக ஆசிரியர் ஒருவர்,
களுதாவளை.
(பெயரும் விலாசமும் தனித்தாளில் இணைத்துள்ளேன், பிரசுரிக்க வேண்டாம்.)